மெட்டித் தடம்

மகன் இளவழுதியின் மடங்கிய கால்விரலை நிமிர்த்த டாக்டர் ஒரு காலுறை கொடுத்திருந்தார். அம்மா சிவகாமி மாதிரிக்காகத் தன் காலை ஒருமுறை அதற்குக் காட்டினாள். பிள்ளை தூங்கத் தூங்க, அவன் விரல்களை அது அம்மாவின் விரல்களைப் போலவே வளர்த்தது.

மூன்றே மாதத்தில் மடங்கிய விரல் நிமிர்ந்துவிட்டது. ஆனால் பக்கத்து விரலைச் சுற்றி வளையமாக ஒரு பள்ளம்!

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மெட்டியைக் கழட்டிட்டுக் காட்டலையாம்மா?"

"இவர் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எப்படி டாக்டர் கழட்டுறது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் முருகவேல் எழுந்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். "போட்டவனே கழட்டுறேன், போதுமா?"

காலுறைக்கு அவள் மறுபடி வெறுங்காலைக் காட்டியதும் அவனே மெட்டியைப் போட்டுவிட்டான்.

இளவழுதி தன் காலையும் நீட்டினான். "எனக்கும் போடுப்பா. எனக்குத்தான் இடம் ரெடியா இருக்கே!"