நாய்க்குப் போன டிபன்

"டிபனை நாய்க்குப் போட்டேன்னு எங்கம்மா கிட்ட இன்னாத்துக்குக்கா சொன்னே?" மானாம்பதி பஸ் நிறுத்தத்தில் பிருந்தா கத்துகிறாள். எதிர்வீட்டு சசிரேகா அசைவதாக இல்லை. "நாய் கொழுத்துக்கினே போவுது, நீ இளைச்சிக்கினே போறே. எனக்கு இன்னா கண்ணு அவிஞ்சா பூட்ச்சி?" பிருந்தாவுக்குக் காலேஜில் முதல் வருடம், விடிய விடிய செல்போன், காலையில் வெறும் டீ. போன வாரம் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். இன்னொரு தடவை விழுந்தால் படிப்பே வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். வயல் பக்கமிருந்து சாய்ந்து வரும் இளவெயில், சசிரேகா திறந்து நீட்டும் டப்பாவில் விழுகிறது. இட்லியில் ஆவி பறக்கிறது. நாய் நம்பிக்கையோடு வாலாட்டுகிறது. "அதை இன்னா பாக்கறே, துன்னு!" காலேஜ் பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. சசிரேகா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு நிமிசம் இரு நைனா, பொண்ணு துன்னுது" என்று டிரைவரை அதட்டுகிறாள். ஜன்னல்களெல்லாம் சிரிக்கின்றன. பிருந்தா முறைத்துக்கொண்டே ஒன்றைத் தின்கிறாள், இன்னொன்றையும் தின்கிறாள். மூன்றாவதை யாரும் சொல்லாமலே எடுக்கிறாள். கண் கலங்கியது காரச் சட்னியால்தான் என்கிறாள். படிப்பை முடித்து, ஓசூரில் வேலைக்குப் போய், அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்ட பிறகும், காலை நாஷ்டாவைப் படமெடுத்து அம்மாவுக்கு முன்னால் சசிரேகாவுக்குத்தான் அனுப்புகிறாள். சசிரேகா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் தான் சாப்பிட உட்காருகிறாள்.