லைப்ரரிக்குப் பக்கத்தில்

மருந்துப் பம்பின் நிரல் ஏன் பாதியில் நிற்கிறது என்று பார்க்க ஜெசிந்தா பிழை தேடும் டீபக்கரைத் திறந்தால், திரை முழுக்க வெறும் எண்கள். அவற்றைப் பெயர்களாக விரித்துக் காட்டும் ஸ்கிரிப்ட், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரோடு சேர்ந்தே நிறுவப்பட்டிருந்தும் வேலை செய்யவில்லை.

"எல்லா ஸ்கிரிப்டையும் தனி ஃபோல்டர்ல அழகா அடுக்கித்தானே வெச்சிருக்கேன்," என்றான் அதை நிறுவிய குணாளன்.

"அழகு யாருக்கு வேணும்? டீபக்கர் அங்க எட்டிக்கூடப் பாக்காது. கம்பைலரோட லைப்ரரி ஃபைலுக்குப் பக்கத்துலதான் தேடும்," என்ற ஜெசிந்தா, ஸ்கிரிப்டின் இடத்தை மாற்றிக் கம்பைலரை மறுபடி நிறுவினாள்.

எண்கள் போய் நோயாளிகளின் பெயர்கள் வந்தன. வகுப்பில் வருகை எடுப்பவளைப் போல உரக்கப் படித்தாள். பூரணி. இதயதுல்லா. செங்குட்டுவன். மறுபடியும் பூரணி.

"பட்டியல்ல ஒரே ஆளு ரெண்டு தடவ. ரெண்டாவது தடவ வரும்போது நிரல் குழம்பிடுது, அதான் நிக்குது."

குணாளன் தன் அழகான ஃபோல்டரை அழித்துவிட்டு, அந்தப் பெயர்களைத் தானும் ஒருமுறை உரக்கப் படித்தான்.