நல்லா விசாரிச்சாச்சு

"உன் நாக்கு அழுகிப் போகும்யா!"

பெயிண்ட் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினார் கதவுக் கீல் வியாபாரி. கலர் அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர் அட்டையோடு வெளியே நழுவினார்.

பெயிண்ட்காரர் பதறிப்போய் எழுந்தார். "என்னண்ணே, காலங்காத்தால..."

"நடிக்காதே! அந்த மாடிக்கடைக்காரன் எப்படிப்பட்ட ஆளுன்னு உன்கிட்ட கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க."

"'சொன்ன தேதிக்குப் பணம் தர்றவர், கண்ணை மூடிக்கிட்டு சரக்கு இறக்குங்க'ன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

கடன் கொடுப்பதில் கீல் வியாபாரியைப் போல உஷாரான ஆள் கிடையாது என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு. அதில் பாதி, அவரே பேசியது. புதிதாக யார் கடனுக்குக் கேட்டாலும், அந்தக் கடைக்கு ஏற்கெனவே சரக்குப் போடுகிறவரிடம் விசாரிக்காமல் ஒரு ஸ்க்ரூகூடத் தர மாட்டார்.

கட்டடச் சாமான் விற்கிற மாடிக்கடைக்காரன் விஷயத்திலும் விசாரித்தார். விசாரித்துவிட்டு நாலு லட்சத்துக்குக் கீலும் தாழ்ப்பாளும் இறக்கினார். அவன் கொடுத்த செக் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் சரக்கு அனுப்புகிற கம்பெனிக்குப் பணம் கட்டாவிட்டால் இனி அவருக்கு ஒரு பெட்டிகூட வராது.

"நான் கேட்டப்போ அவன் உனக்கு எவ்வளவு பாக்கி?"

பெயிண்ட்காரர் தெருப் பக்கம் பார்த்தார். அதற்குள் வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். சும்மா பார்க்கக் கிடைக்கிற சண்டையை யார் விடுவார்கள்?

"சொல்லுய்யா!"

"ரெண்டே முக்கால் லட்சம். எட்டு மாசமா இழுத்தடிச்சாண்ணே. 'வேற யாராவது புதுசா சரக்கு குடுத்தா அதை வித்து உனக்குத் தரேன்'னான்."

"தந்தானா?"

"பத்தே நாள்ல தந்துட்டான்."

"தர மாட்டானா பின்னே! என் கீலை அடிமாட்டு விலைக்குத் தள்ளிட்டு உன் பாக்கியை அடைச்சிருக்கான். நீ கரையேற என்னைக் கிணத்துல தள்ளியிருக்கே!"

"தப்புதாண்ணே. எனக்கு வேற வழி தெரியல."

"பணம் போனா சம்பாதிச்சுக்கலாம்யா. ஆனா, 'இவர் சொன்னா சரியா இருக்கும்'னு நம்பி ஒருத்தன் வந்து கேட்கிறான் பாரு, அவன்கிட்ட பொய் சொல்றவன் மனுஷனே இல்ல!"

வாசலில் நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்குக் காசா, பணமா?

கீல் வியாபாரி வழியில் நாலு கடைகளில் நின்று, தான் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் மறுபடியும் பேசிக் காட்டிவிட்டுத் தன் கடைக்கு வந்து சேர்ந்தார்.

"மாடிக்கடையில பணம் கேட்கப் போன நம்ம வசூல்காரர் வெறுங்கையோட வந்துட்டார் சார்" என்றாள் கணக்கு எழுதுகிற பெண். "கல்லாவுல காசே இல்லையாம்."

"எங்கேர்ந்து இருக்கும்? திருட்டுப் பய!"

அப்போது வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பன்னிரண்டு வருடம் அவர் குடோனில் வேலை பார்த்தவள். ஆறு மாதத்துக்கு முன்புதான் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து, ஊர்க்கோடியில் ஒரு ஷெட் பிடித்து, பிளாஸ்டிக் குழாய் செய்கிற மெஷின் போட்டிருந்தாள்.

"வாம்மா, வா! தொழில் எப்படிப் போகுது?"

"உங்க புண்ணியத்துல பரவாயில்லை முதலாளி. முதல் தடவையா பெரிய ஆர்டர் வந்திருக்கு. மூணு லட்சத்துக்கு. ஆனா, கடனுக்குக் கேட்கிறாங்க."

"ஜாக்கிரதைம்மா! ஆழம் தெரியாம காலை விட்டுடாதே. இப்பதான் ஒரு துரோகியைக் கிழிகிழின்னு கிழிச்சுட்டு வர்றேன்."

"அதான் உங்ககிட்ட ஓடி வந்தேன். எங்க வீட்டுக்காரர் வேண்டவே வேண்டாங்கிறார். பணம் வரலைன்னா குடியிருக்கிற வீடே போயிடும்னு பயப்படுறார். 'முதலாளிக்குத் தெரியாத கடையா? அவர் குடுன்னா குடுப்பேன், வேண்டாம்னா விட்டுடுவேன்'னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

ஆர்டர் சீட்டை நீட்டினாள்.

கீல் வியாபாரி வாங்கிப் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"எப்போ சரக்கு கேட்கிறாங்க?"

"வெள்ளிக்கிழமை."

சீட்டை நான்காக மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"அருமையான இடம்மா. நீ என் கூடப்பிறந்தவளா இருந்தாலும் இதையேதான் சொல்லுவேன். தைரியமா இறக்கு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களை மாதிரி நாலு பேர் இருக்கிறதாலதான் முதலாளி, எங்களை மாதிரி ஆளுங்க பிழைக்க முடியுது" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கணக்கு எழுதுகிற பெண் நிமிர்ந்தாள். "அவ்வளவு நல்ல பார்ட்டி யாரு சார்? நாமளும் சரக்குப் போடலாமே?"

"நம்ம மாடிக்கடைக்காரன்தான்" என்றார் கீல் வியாபாரி. "சனிக்கிழமையிலேர்ந்து நம்ம வசூல்காரரை அவன் கல்லா பக்கத்துலயே உட்காரச் சொல்லு. குழாய் வித்து வர்ற காசை வேற எவனும் நமக்கு முன்னாடி வாங்கிடக் கூடாது."