வானத்தில் ஒரு கப்பல்

“அத்தான், இந்தக் கப்பல் எப்படிப் பறக்குதுன்னு நீங்களே சொல்லுங்க. எனக்குப் பிடிபடல!”

மச்சினன் மடிக்கணினியைத் திருப்பி வைத்தான். சினிமா எஃபெக்ட்ஸ் ஸ்டூடியோ முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

நாற்பது விநாடி வீடியோ. ஒரு கடைத்தெரு. ஆட்கள் நடக்கிறார்கள், ஒரு நாய் சோம்பல் முறிக்கிறது. கூரைகளுக்கு மேலே, சாவகாசமாக, ஒரு கப்பல் மிதந்து வருகிறது. அதன் நிழல் கீழே நிற்கும் பேருந்தின் மேல் ஏறி இறங்கிப் போகிறது.

அவர் நான்கு முறை பார்த்தார். ஐந்தாவது முறை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தார். ‘என் கண்ணுல யாரும் மண்ணைத் தூவ முடியாது’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர். ஒட்டுப்போட்ட இடம் ஒன்றுகூடச் சிக்கவில்லை. மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“எந்த சாஃப்ட்வேர்?”

“அதான் வேடிக்கை. பிறந்தநாள் வீடியோ வெட்டி ஒட்டுறதுக்கு வீட்டுல வச்சிருப்பாங்களே, அந்த மாதிரி சாதா சாஃப்ட்வேர். போன்ல எடுத்த படமாம். வேலை கேட்டு அனுப்பியிருக்காங்க. ஆனா படிப்பு, சர்டிபிகேட் ஒண்ணும் இல்ல. நாளைக்கு ஒருத்தர் பட்டத்தோட வர்றாரு, அவரையே எடுத்துக்கலாம் அத்தான்.”

“நீ சும்மா இரு. ஆளை வீடியோ கால்ல பிடி.”

எஃபெக்ட்ஸ் செய்துகொண்டிருந்தவர் திடீரென்று விலகிவிட்டதில் ஸ்டூடியோவில் ஒரு நாற்காலி காலி. அதில் யார் உட்காருவது என்று இன்று நாளைக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

மச்சினன் இணைப்புக் கொடுத்துவிட்டு வெளியே போனான். திரையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பின்னால் புத்தக அலமாரி, ஜன்னலில் லேசாக ஆடும் திரைச்சீலை. படித்த குடும்பம்தான் என்று முதலாளி மனசுக்குள் எடைபோட்டுக்கொண்டார்.

“கப்பல் நீங்க செஞ்சதாம்மா?”

“ஆமா சார். தரை துடைக்கிற மருந்து வருமே, அந்தக் காலி பாட்டிலை வெட்டி ஒட்டினேன்.”

“அது எப்படித் தெருவோட இவ்வளவு ஒத்துப்போகுது?”

“தூரத்துல இருக்கறது எதுவும் முழுக் கறுப்பாத் தெரியாதே சார். அதனால கப்பலோட கறுப்பைக் கொஞ்சம் வெளுக்க வச்சேன். பச்சைத் துணி முன்னாடி வச்சு எடுத்தா, அந்தப் பச்சையை அழிச்சுட்டுப் பின்னாடி எந்தப் படத்தையும் வச்சுக்கலாமே சார். தெருவை எடுத்த அதே மணிக்குத்தான் மறுநாள் கப்பலையும் அப்படி எடுத்தேன். வெயில் ஒரே பக்கத்துலருந்து விழணும்ல?”

“நிழல்?”

“கப்பலையே இன்னொரு பிரதி எடுத்து, கறுப்பாக்கி, மங்கலாக்கி, ரோட்டுமேல படுக்க வச்சேன். பஸ் நிக்கிற இடத்துல மட்டும் ஒவ்வொரு ஃபிரேமாக் கையால வளைச்சேன். அதுக்கே பதினொரு நாள் ஆச்சு சார்.”

“போன் கையில ஆடியிருக்குமே. கப்பலும் கூடவே ஆடுதே, அது எப்படி? அந்த ஆட்டத்தை அளக்குற வசதி அந்த சாஃப்ட்வேர்ல கிடையாதே!”

“ஒரு கடைப் பலகையோட மூலையைக் குறி வச்சுக்கிட்டேன். ஃபிரேமுக்கு ஃபிரேம் அது எவ்வளவு நகருதுன்னு நோட்டுல எழுதி, கப்பலையும் அவ்வளவு நகர்த்தினேன்.” அவள் சேர்த்துச் சொன்னாள்: “கடைசியா கப்பலைக் கொஞ்சம் அழுக்காக்கினேன். ரொம்பச் சுத்தமா இருந்தா பொய்னு தெரிஞ்சுடும்.”

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு புது ஆளிடமும் தொண்டைத் தண்ணீர் வற்ற இதைத்தான் அவர் கத்திக்கொண்டிருப்பார். ஒருத்தர் காதிலும் ஏறாது.

“யார்கிட்டம்மா கத்துக்கிட்டீங்க?”

அவள் தயங்கினாள். “ஒரு ஸ்டூடியோவுல ஆறு வருஷமா இருக்கேன் சார். யாரும் உக்கார வச்சுச் சொல்லித் தரல. அவங்க வேலை செய்யும்போது பின்னாடி நின்னு பாத்ததுதான்.”

“அப்ப அங்கேயே கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டேன் சார். முதலாளி திரையிலருந்து கண்ணை எடுக்காமலே ‘அப்புறம் பாக்கலாம்’னுட்டார். அதுவும் ஆச்சு ரெண்டு வருஷம்.” அவள் கேமராவை நேராகப் பார்த்தாள். “இந்த வேலை கிடைச்சாப் போதும் சார். வேற எந்த ஆசையும் இல்ல.”

முதலாளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அந்த ஆளுக்குக் கண்ணு முகத்துல இருக்கா, முதுகுல இருக்கா? கைக்கு எட்டுற தூரத்துல இப்படி ஒருத்தரை வச்சுக்கிட்டுத் திரும்பிக்கூடப் பாக்கலன்னா, அவனெல்லாம் ஸ்டூடியோ நடத்தி என்னத்தைக் கிழிச்சான்?”

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

“விடுங்கம்மா. நாற்காலி உங்களுக்குத்தான். சொன்ன சொல் மாற மாட்டேன். எப்ப வந்து சேர்றீங்க?”

“இப்பவே வரேன் சார்.”

“வழி தெரியுமா? மூணாவது மாடி. லிஃப்டை விட்டு இறங்கினதும்...”

அவள் எழுந்து, பின்னால் கையை நீட்டி எதையோ இழுத்தாள். புத்தக அலமாரியும் ஜன்னலும் மாயமாய் மறைந்தன. அவள் கையில் ஒரு பச்சைத் துணி இருந்தது, அவளுக்குப் பின்னால் வாளிகளும் துடைப்பங்களும் சுவரில் சாய்ந்திருந்தன. என்ன ஏதென்று அவர் கேட்பதற்குள் அறைக் கதவு தட்டப்பட்டது.

உள்ளே வந்து நின்றவள், ஆறு வருஷமாகத் தினமும் காலையில் “காலைக் கொஞ்சம் தூக்கிக்குங்க சார்” என்று சொல்லி, அவர் மேஜைக்கு அடியில் பெருக்கிவிட்டுப் போகிறவள்.