வியாழக்கிழமை மாடி வகுப்பு

அறிவிப்பு என்னவென்று லேத்காரருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சட்டென்று கை தூக்கியது மட்டும் தெரிந்தது.

கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவரும் சிரித்து வைத்தார்.

முதியோர் கற்றல் குழுவில் திங்கட்கிழமைதோறும் செய்தி வாசிப்பவர், டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். எல்லோருக்கும் அவர் ‘ரேடியோ’. அன்றைக்கும் வரிசையாக வாசித்தார். லிஃப்ட் பழுது, அதனால் கம்ப்யூட்டர் வகுப்பு கீழ்த்தளத்தில். சரித்திரச் சொற்பொழிவு இல்லை, பேச்சாளருக்குப் பல்வலி. நடைக் குழுவினர் அவரவர் செருப்பையே போட்டுக்கொண்டு வீடு திரும்பவும்.

அதற்கடுத்த அறிவிப்பில்தான் மைக் கீச்சிட்டுத் தொலைத்தது.

வெளியே வந்ததும், “எதுக்குக் கை தூக்கினே?” என்று கேட்டார்.

மனைவியின் உதடுகள் அசைந்தன. ஒன்றும் காதில் விழவில்லை. புரிந்ததுபோல் தலையாட்டினார்.

லேத் பட்டறை இரைச்சலில் தேய்ந்த காது. சில மாதங்களாக ரொம்ப மோசம். காது மிஷினுக்குப் புது பேட்டரி போட்டும் பயனில்லை. மகள் பேசினால் கேட்கிறது. அவள் சின்ன வயதிலிருந்தே கத்திப் பேசுகிறவள். மனைவியிடம் எத்தனை தடவைதான் ‘என்ன, என்ன’ என்று கேட்பது? பாவம், அலுத்துப்போவாள்.

ஆனால் மனசு சும்மா இருக்கவில்லை. அறிவிப்புப் பலகையில் போய்ப் பார்த்தார். வியாழக்கிழமை மாடியில் புதிதாக மூன்று வகுப்புகள்: வாட்டர் கலர், கிதார், சைகை மொழி.

முதல் வியாழன் அவர் கண் டாக்டரிடம் போகவேண்டியிருந்தது. மறுநாள் காலை அடுப்பில் பால் பொங்கி வழிய, மனைவி ஜன்னலைப் பார்த்தபடி விரல்களை மடக்குவதும் நீட்டுவதுமாக நின்றிருந்தாள். அவரைக் கண்டதும் கரித்துணியை எடுத்துக்கொண்டாள்.

கிதார்தான், என்று முடிவு கட்டினார்.

டிவியில் பாட்டு வந்தாலே சத்தத்தைக் குறைக்கிறவள்! சிரிப்பு வந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அடுத்த வியாழன், அவள் படியேறியதும் பின்னாலேயே ஏறினார். மூச்சு வாங்கக் கதவைத் தள்ளினால், கிதாரைக் காணோம். வட்டமாக நாற்காலிகள். எல்லோருடைய கைகளும் காற்றில்.

அவருக்கு நெஞ்சு இளகிப்போனது. இந்தச் செவிட்டுக் காதுக்காக, இந்த வயதில், இவள்!

டீச்சர் சின்னப் பெண். அவரைக் கையசைத்து வரவேற்று, மனைவியின் பக்கத்தில் நாற்காலி போட்டாள். யார் இவர் என்று அவளிடம் சைகையில் கேட்டாள்.

மனைவி எழுந்து ஏதோ சொன்னாள்.

எதிரே இருந்த, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் முன்னால் குனிந்தார். ரேடியோ அம்மாள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். கடைசி நாற்காலிக்காரர் எழுந்தே வந்துவிட்டார்.

லேத்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இவர்கள் யாருக்கும் காதில் குறையே இல்லை.

டீச்சர் மனைவியின் வாயருகே காதை வைத்துக் கேட்டாள். தலையாட்டினாள். காது கேளாதவர்தானே என்று அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வகுப்புக்குக் கணீரென்று சொன்னாள்:

“இவர்தான் அம்மாவோட வீட்டுக்காரர். தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் தனக்குக் குரலே இருக்காதுன்னு அவர்கிட்ட இன்னும் சொல்லலையாம். யாரும் சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கறாங்க.”

மனைவி டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தபோது எல்லாம் சொல்லி முடிந்திருந்தது.

ஒரு எழுத்து விடாமல் கேட்டிருந்தது.

மனைவி மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் அப்படியொரு பயத்தை அவர் கண்டதில்லை.

லேத்காரர் காதைத் தொட்டுக் காட்டி, ஒன்றும் விளங்கவில்லை என்பதுபோல் கையை விரித்தார். சிரிக்கவும் செய்தார்.

பிறகு நாற்காலியைத் தூக்கித் திருப்பி, அவளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்து, அவள் கைகளைப் பார்க்கத் தொடங்கினார்.