வருஷ கான்ட்ராக்ட்

“ஏனுங்க, ஃபிரிட்ஜ் சர்வீஸ் கான்ட்ராக்ட் புதுசா வர்றவங்களுக்கு அறுநூறு, எட்டு வருஷமா கட்டற எனக்கு ஆயிரத்து நானூறா? பகல் கொள்ளையில்லீங்களா இது?”

உக்கடம் உமர் பாரூக் போட்ட சத்தத்தில் கம்பெனி அலுவலகமே திரும்பிப் பார்த்தது. மேனேஜர் குமாரசாமி மட்டும் அசையவில்லை. இந்த விலையின் சூட்சுமமே அவர் கண்டுபிடித்ததுதான். புதிதாக வருபவர் நாலு இடத்தில் விசாரிப்பார். அவரைப் பிடிக்க விலையைக் குறைக்க வேண்டும். பழகியவர் திட்டிக்கொண்டே கட்டிவிடுவார். அவருக்கு வருடாவருடம் ஏற்றலாம்.

“பிடிக்கலீன்னா ரத்து பண்ணிப்போடுங்க. ரோட்டு முக்குல அம்பது ரூவாய்க்கு ஆளு கிடைக்குமுங்க.”

“நாக்கூசாம பேசறீங்களே, நீங்கெல்லாம் நல்லாயிருப்பீங்களா?”

பாரூக் பணத்தை மேஜைமேல் வீசினார். குமாரசாமி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

“ஆனா மெக்கானிக் ஆஸிமைத்தான் அனுப்போணும்” என்றார் பாரூக்.

“அவனா? அவன் வந்து பார்த்துட்டுப் போனா, ஒரே மாசத்துல உங்க ஃபிரிட்ஜ் மறுபடி நின்னு போகுது. வேற நல்ல மெக்கானிக்கா அனுப்பறேனுங்க.”

“அவன்தான் வரோணும்!” பாரூக் மேஜையில் ஓங்கி அடித்தார்.

“அவன் மேல அப்படி என்னங்க உங்களுக்கு?”

பாரூக்கின் குரல் இறங்கியது.

“என்ற மகனுங்க. எங்கூடச் சண்டை போட்டு, இனி ஊட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்னு போனவன். கம்பெனி அனுப்புனா வந்துதானே ஆகோணும்? அவங்கம்மா அழுகறப்பெல்லாம் நாந்தான் ஃபிரிட்ஜுக்குப் பின்னால போயி ஒயரைப் பிடுங்கிப்போடறேன்.”

குமாரசாமி சர்வீஸ் சீட்டில் ஆஸிமின் பெயரை எழுதினார்.

“திரும்ப மாட்டறது ரெண்டு நிமிஷ வேலைங்க. அவன் மத்தியானம் வரைக்கும் மாட்டுவான்.”