அக்காவின் வழி

பிரகதீஷ் டிபன் பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். கம்ப்யூட்டரைப் பூட்டாமல் போனான்.

அவள் எழுந்தாள். தண்ணீர் பிடிக்கப் போகிறவளைப் போல பாட்டிலின் மூடியைக் கழற்றியபடியே நடந்தாள்.

அவனுடைய திரையின் ஓரத்தில் ஒரு சின்ன கறுப்பு விண்டோ. சிங்கப்பூரில் இருக்கும் வாடிக்கையாளரின் சர்வருக்குப் போகும் எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு அதில்தான் திறந்திருந்தது. அந்த ஒரே பாதையில்தான் மொத்த டீமின் வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டால் பின்னால் வருகிறவர்கள் சாவி தேட வேண்டாம், அப்படி.

முன்பு அப்படியில்லை. சாவி அவளிடம் இருந்தது.

காலையில் ஒவ்வொருவராக அவள் மேசைக்கு வருவார்கள். அக்கா, வழி விடுங்கக்கா என்பார்கள். அவள் பாஸ்வேர்டை அடித்து ஆளுக்கொரு பாதை திறந்துவிடுவாள். யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. கடலைமிட்டாய், வீட்டு முறுக்கு, சில நாள் ஒரு முழம் ஜாதிமல்லி. நின்று மாமியார் கதை பேசிவிட்டுப் போவார்கள். அவளும் கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டுதான் திறப்பாள்.

பிறகு பிரகதீஷ் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த வாரமே எல்லாரையும் ஒரே பாதையில் ஏற்றிவிட்டான். யாரும் யாரையும் கேட்க வேண்டாம். மேனேஜர் அவன் தோளைத் தட்டினார்.

டீமில் இருந்த நூருல் ஓடி வந்து சந்தோஷமாகச் சொன்னாள்.

"இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்லக்கா."

மறுநாளிலிருந்து யாரும் வரவில்லை.

அவளுக்கு வயிறு எரிந்தது. அவன் நல்ல பையனாக வேறு இருந்து தொலைத்தான். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருக்கலாம்.

ஆனாலும் தினமும் காலையில் தன் பழைய பாதையைத் திறந்தே வைத்தாள். யாருக்கும் வேண்டாத பாதை. வீம்பு.

இப்போது அக்கம்பக்கம் பார்த்தாள். கையில் இருந்ததை அவன் மேசையில் வைத்துவிட்டு இரண்டு விசைகளை அழுத்தினாள்.

பாதை அறுந்தது.

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். இனி ஒவ்வொருவராக எழுந்து வருவார்கள். அக்கா என்பார்கள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூட யோசித்துவிட்டாள்.

யாரும் எழவில்லை.

நூருல் மட்டும் மௌஸை லேசாகத் தட்டினாள். பிறகு அவளும் வேலையைத் தொடர்ந்தாள்.

அவளுடைய திரையில் ஒரு வரி வந்தது. நூருல்.

அடுத்த வரியில் வேறொரு பெயர். அதற்கடுத்து இன்னொன்று.

எல்லாரும் அவளுடைய பாதைக்குள் வந்துகொண்டிருந்தார்கள்.

தன் பாதை அறுந்தால் தானாகவே அக்காவின் பாதைக்கு மாற வேண்டும் என்று அவன்தான் எழுதி வைத்திருந்தான். மீட்டிங்கில் அதைச் சொல்லவும் செய்தான். அவள் அப்போது வேண்டுமென்றே போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

அத்தனை பேரும் அவள் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு தலைகூட அவள் பக்கம் திரும்பவில்லை.

அவன் ஈரக்கையைத் துடைத்தபடி இறங்கி வந்தான். அறுந்த இணைப்பைப் பார்த்தான். கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்த பாட்டில் மூடியைப் பார்த்தான்.

அவள் தன் பாட்டிலைப் பார்த்தாள், மூடி இல்லை.

அவன் மூடியை எடுத்துவந்து அவள் மேசையில் சத்தமில்லாமல் வைத்தான். திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

நினைத்தால் அவன் தன் பாதையை அப்போதே மறுபடி திறந்திருக்கலாம்.

அவளுடைய திரையில் கடைசியாக ஒரு வரி வந்தது. பிரகதீஷ்.

விட்டுக்கொடுப்பதிலும் அவனே முந்திக்கொண்டான்.

அவள் காலிப் பாட்டிலுக்கு மூடியைப் போட்டு இறுக்கித் திருகினாள்.